ஆகஸ்ட் கடைசியில் யூகான் வரை காரில்: கூடாரப் பயணத்துக்கு ஆலோசனை தேவை

கேள்வி: மலைப்பிரியன்

எட்மன்டனில் வசிக்கும் நாங்கள் நால்வர், ஆகஸ்ட் 23 வாக்கில் புறப்பட்டு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதி வழியாக யூகான் வரை காரில் சென்று, முழுக்க முழுக்கக் கூடாரத்திலேயே தங்கித் திரும்ப எண்ணியிருக்கிறோம். மூன்று வாரம் விடுப்பு இருக்கிறது. போகும்போது அலாஸ்கா நெடுஞ்சாலை, வரும்போது காசியர் நெடுஞ்சாலை என்பது வரை முடிவாகிவிட்டது. எங்கே எத்தனை நாள் தங்குவது என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நண்பர் ஒருவர் மஞ்சோ ஏரியிலும் லியார்ட் வெந்நீர் ஊற்றிலும் நிதானமாகத் தங்கிக்கொண்டே போகலாம் என்கிறார். எனக்கோ யூகானில் டாசன் சிட்டிக்கு அப்பால் உள்ள டூம்ஸ்டோன் மலைகளைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. ராக்கி மலைகளில் ஜூலையில் கூடாரமடித்த பழக்கம் உண்டே தவிர, செப்டம்பர் குளிரில் அவ்வளவு வடக்கே தங்கியதில்லை. கரடி, பெட்ரோல், குளிர் ஆகியவற்றைப் பற்றி, அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: வடதிசை

இந்தப் பருவத்தில் நாட்களை இலை நிறம் மாறும் வரிசையைப் பார்த்துத்தான் பங்கிட வேண்டும். டூம்ஸ்டோனில் ஆகஸ்ட் கடைசியிலேயே குட்டை பிர்ச் புதர்கள் சிவந்து, மலைச்சரிவுகள் முழுவதும் குங்குமம் கொட்டியதுபோல் ஆகிவிடும். செப்டம்பர் நடுவில் போனால் பனியைத்தான் பார்ப்பீர்கள். அதற்குத் தெற்கே குளுவேனி மலைப்பகுதியிலும் வைட்ஹார்ஸ் நகரின் பக்கத்திலும் மஞ்சள் நிறம் அதற்குப் பிறகு வரும், காசியர் சாலையில் இன்னும் தாமதமாக வரும். ஆகவே போகும்போது எங்கும் அதிகம் தங்காமல் நேராக வடகோடிக்குப் போய்விட்டு, தெற்கே இறங்கும் இலையுதிர்காலத்துடன் சேர்ந்து நீங்களும் மெதுவாக இறங்குவதே சரி என்பேன். எட்மன்டனிலிருந்து டாசன் சிட்டி ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். இருவர் மாறிமாறி ஓட்டினால் ஐந்து நாளில் சிரமமில்லாமல் சேரலாம்.

அப்படிப் போனாலும் லியார்டில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். சதுப்பு நிலத்தின் மேல் போட்ட மரப்பலகைப் பாதையில் நடந்து போனால், காட்டுக்கு நடுவே தரையில் சரளைக்கல் பரவிய இயற்கைக் குளம் இருக்கிறது. ஊற்றுக்கு அருகே கால் வைக்க முடியாத சூடு, தள்ளிப் போகப் போக இதமாகும், அவரவர் தாங்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த வட்டாரத்தில் காட்டெருமைகள் சாலையோரத்திலேயே மேயும், படுத்தும் கிடக்கும். கறுப்பு உடம்பு இருட்டில் தெரியாது என்பதால், பொழுது சாய்ந்த பின் அங்கே வண்டி ஓட்டாதீர்கள்.

டூம்ஸ்டோன் முகாம், டாசன் அருகே பிரியும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் 71.5ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. தொடக்கத்தில் சிறிது தூரம் தவிர, மீதியெல்லாம் சரளைச் சாலை. மழை பெய்தால் வழுக்கும். கூரான கற்கள் டயரைக் கிழிக்கும். ஆகவே ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியை நம்பாமல், முழு அளவு டயர் ஒன்று கொண்டுபோங்கள். 369ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ் வரை அந்தச் சாலையில் பெட்ரோல் இல்லை என்பதால், டாசனிலேயே டாங்கை நிரப்பிக்கொள்வது நல்லது.

பதில்: காட்டுவாசி

வடதிசை சொன்ன வரிசை சரிதான், ஆனால் டெம்ப்ஸ்டரை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தொடர்ந்து மழை என்று வானிலை அறிக்கை சொன்னால், வைட்ஹார்ஸிலிருந்து மேற்கே சுமார் 155 கிலோமீட்டரில் உள்ள ஹெயின்ஸ் ஜங்ஷனுக்குத் திரும்பிவிடுங்கள். குளுவேனியின் முன்வரிசை மலைகள் அங்கே தார்ச்சாலையிலிருந்தே தெரியும். கனடாவின் மிக உயரமான லோகன் சிகரம் (5,959 மீட்டர்) அவற்றுக்குப் பின்னால் வெகு தொலைவில் மறைந்திருக்கிறது. குளுவேனி ஏரிக்கரையில் காங்டன் கிரீக் முகாமைச் சுற்றி, கரடிகளுக்குப் பிடித்த சோப்பெரிப் பழப் புதர்கள் மண்டிக் கிடப்பதால், கூடாரமடிப்பவர்களுக்கென்று மின்வேலி போட்ட பகுதி ஒன்றை அங்கே ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்குள்ளேயே தங்குங்கள்.

கரடி விஷயத்தில், அதை விரட்டும் மிளகாய் ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் இருந்து பயனில்லை. உணவு மட்டுமல்லாமல் பற்பசை, சோப்பு, சமைத்தபோது உடுத்திய துணி என்று வாசனை உள்ள எதுவும் கூடாரத்துக்குள் வரக்கூடாது, எல்லாவற்றையும் காரில் பூட்டுங்கள். நம்மவர்கள் சமையலில் தாளிப்பு வாசனை அரை மைல் போகும். கருவாட்டை வீடு திரும்பிய பின் பொரித்துக்கொள்ளலாம்.

குளிரைப் பற்றி: செப்டம்பர் இரவுகளில் உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, அடியில் மெல்லிய பாய் விரிப்பவர்கள்தான் விடிய விடிய நடுங்குகிறார்கள். தரைக்குளிரைத் தடுக்கும் தடித்த மெத்தைக்கே முதலில் செலவு செய்யுங்கள். வெறும் பியூட்டேன் நிரப்பிய சிறு அடுப்பு, பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது எரியாமல் மக்கர் செய்யும். காலையில் தேநீர் வேண்டுமென்றால் புரோபேன் அடுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பிரியன்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேராக வடக்கே போய்விட்டு மெதுவாக இறங்குவது என்று நண்பரையும் சம்மதிக்க வைத்துவிட்டேன். லியார்டில் ஓர் இரவு என்றதும் அவரும் இறங்கிவந்தார். அப்படியானால் கடைசி ஒரு வாரம் காசியர் சாலைக்கு மிஞ்சுகிறது. அதில் எங்கே நிற்கலாம்?

பதில்: ஆற்றங்கரை

போயா ஏரியில் கண்டிப்பாக இரண்டு இரவு தங்குங்கள். அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்த பச்சைநீல நீர், கயாக் ஓட்டுபவர்களுக்குச் சொர்க்கம். பிறகு கினாஸ்கன் ஏரி. அலாஸ்கா நெடுஞ்சாலைச் சந்திப்பிலிருந்து காசியர் சாலையின் தென்முனையான கிட்வாங்கா வரை சுமார் 725 கிலோமீட்டரில் ஊர் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு, அலைபேசிச் சிக்னலும் பெரும்பாலும் இராது. பாதி டாங்க் இருந்தாலும் டீஸ் லேக்கில் நிரப்பிவிடுங்கள்.

மெசியாடின் சந்திப்பிலிருந்து மேற்கே பிரிந்து ஸ்டூவர்ட்டுக்குப் போகும் கிளைச்சாலையில், பேர் பனியாற்றைக் காரில் இருந்தபடியே காணலாம். ஸ்டூவர்ட்டுக்கு அப்பால் உள்ள ஹைடர் என்ற சிற்றூர் அலாஸ்காவைச் சேர்ந்தது. அங்கே ஃபிஷ் கிரீக்கில் செப்டம்பர் தொடக்கம் வரை கரடிகள் சால்மன் பிடிப்பதை மரமேடையில் நின்று பார்க்கலாம். உள்ளே போகும்போது அமெரிக்கச் சோதனைச்சாவடி கிடையாது என்பதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்: சட்டப்படி அது அமெரிக்க மண், திரும்பும்போது கனடா அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். கனடியக் குடியுரிமை இல்லாதவர் உங்களில் எவரேனும் இருந்தால், அமெரிக்க விசாவையும் திரும்பி நுழைவதற்கான ஆவணங்களையும் புறப்படும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற வாரத்தில் காட்டுத்தீ நிலவரத்தையும் பாருங்கள். 2024 மே மாதத்தில் அலாஸ்கா நெடுஞ்சாலையில் உள்ள ஃபோர்ட் நெல்சன் ஊரையே காலி செய்ய வேண்டியிருந்தது. ஆகஸ்டிலும் அந்தச் சாலை மூடப்படக்கூடும். அப்படி ஆனால், பிரின்ஸ் ஜார்ஜ் வழியாகக் காசியர் சாலையிலேயே ஏறி, அதிலேயே இறங்க வேண்டியிருக்கும்.