பெரியம்மாவின் கடிதம் நனைந்துவிட்டது, கடைசிப் பக்கத்தைப் படிக்க உதவி வேண்டும்

வணக்கம். என் பெரியம்மாவுக்கு 84 வயது. காது கேட்காது, போனில் பேச வழியில்லை, எல்லாம் கடிதம்தான். போன வாரம் நான்கு பக்கம் எழுதியிருந்தார். பேத்திக்குக் குழந்தை பிறந்தது, சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது எல்லாம் படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேசையில் தண்ணீர் கொட்டி, கடைசிப் பக்கத்தில் பாதி கரைந்துவிட்டது. “நீ அன்னைக்குச் செஞ்சதுக்கு” என்று தொடங்கும் வரி தெரிகிறது. அதற்குக் கீழே வெறும் நீலத் திட்டு.

மைப் பேனாவில் எழுதியது. கோடு போட்ட தாள், தாளின் ஒரு புறம்தான் எழுத்து. வெயிலில் காட்டாமல் வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து உலர்த்தினேன். அப்புறம் ஸ்கேன் செய்து, படத்தின் சிவப்பு சேனலை (சிவப்பு ஒளியின் அளவை மட்டும் காட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தை) மட்டும் பிரித்துப் பார்த்தேன். நீல எழுத்து கறுத்துத் தெரிந்து நான்கைந்து சொற்கள் கிடைத்தன. பக்கவாட்டில் டார்ச் அடித்தும் பார்த்தாயிற்று. பால்பாயின்ட் மாதிரி அழுத்தம் விழாததால் தாளில் பள்ளமே இல்லை.

திரும்ப எழுதுங்கள் என்று கேட்க மனம் வரவில்லை. அவருக்குக் கை நடுங்கும், ஒரு பக்கத்துக்கே ஒரு நாள் ஆகிறது.

தாளுக்குச் சேதமில்லாமல் மீதி வரிகளைப் படிக்க, உங்களில் யாருக்காவது பலன் தந்த வழி எது?