கோயில் பதிவேட்டு நிரல் திறக்க மறுக்கிறது: கோப்புறை அனுமதிதான் காரணமா?

கேள்வி: கோயில் செயலாளர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து, இப்போது பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட ஓர் இடத்தின் மாரியம்மன் கோயிலில் நான் செயலாளராக இருக்கிறேன். 2003ஆம் ஆண்டில், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவர், விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழி கொண்டு கோயிலுக்காக ஒரு சிறு நிரலை எழுதிக் கொடுத்தார். உபயதாரர் பட்டியல், ரசீது, குடும்பப் பதிவு ஆகிய மூன்றும் அதில்தான் இருக்கின்றன. தோட்டம் கைமாறி லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியானபோது எந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போனது என்பதை அந்தப் பதிவில் ஆண்டுதோறும் சேர்த்து வந்திருக்கிறோம். திருவிழா அழைப்பு அனுப்புவதும், இறப்புச் செய்தி சொல்லி விடுவதும் அதைப் பார்த்துத்தான். அந்த விவரம் வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் பெய்த மழையில் இடி விழுந்து, விண்டோஸ் 7 இருந்த பழைய கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட்டது. வன்தட்டு மட்டும் தப்பியது. கடைக்காரர் விண்டோஸ் 11 உள்ள புதிய கணினியில் அந்தப் பழைய வன்தட்டை இரண்டாவதாகப் பொருத்திக் கொடுத்தார். அது இப்போது டி டிரைவாகத் தெரிகிறது. நிரலின் கோப்புறை அதில் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் அமைத்த நிர்வாகிக் கணக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று, மாலையில் மண்டபத்தில் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று என்று நான்கு கணக்குகள் உள்ளன. முதலாவதைத் தவிர மற்றவை சாதாரணக் கணக்குகள்.

என் கணக்கில் நிரலைச் சொடுக்கினால் வட்டம் ஒரு கணம் சுழல்கிறது. பிறகு "ரன்-டைம் எர்ரர் 75, பாத் ஃபைல் ஆக்சஸ் எர்ரர்" என்ற சிறு பெட்டி தோன்றி நிரல் மூடிக்கொள்கிறது. வலச் சொடுக்கில் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று கொடுத்து நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தட்டினால் ஒரு குறையும் இல்லாமல் திறக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, முதலில் அந்தக் கோப்புறையை சி டிரைவின் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் நகலெடுத்துப் பார்த்தேன். அங்கிருந்து என் கணக்கிலேயே நன்றாகத் திறந்தது. மூன்று நாள் உட்கார்ந்து ஆடித் திருவிழா ரசீதுகளைப் பதிந்தேன். நான்காம் நாள் பொருளாளர் தம் கணக்கில் திறந்தபோது நான் பதிந்தவற்றில் ஒன்றுகூட இல்லை. நிரல் கெட்டுவிட்டது என்று பயந்து அந்த நகலை அழித்துவிட்டு, மீண்டும் டி டிரைவுக்கே வந்தேன். அதன் பிறகு பொருளாளர் நிர்வாகி அனுமதியுடன் டி டிரைவில் இரண்டு ரசீதுகள் பதிந்திருக்கிறார்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் இதைத் திறக்க வழி உண்டா? அந்த மூன்று நாள் ரசீதுகள் போய்விட்டனவா?

மறுமொழி: காப்பாரிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம் ஐயா. எங்கள் கடைக் கணக்கு நிரலுக்கும் இதே சிக்கல் வந்தது. நிரலின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய், எப்போதும் நிர்வாகியாக இயக்கு என்ற கட்டத்தில் குறியிட்டுவிடுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் கோப்புறையின் செக்யூரிட்டி பகுதியில் எவ்ரிஒன் என்று சேர்த்து ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிட்டால் யார் கணக்கிலும் திறக்கும்.

மறுமொழி: ஈப்போவில் கணினி பழுதுபார்ப்பவர்

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள்: இந்தச் சிக்கல் தீரும்வரை அந்தக் கணினியில் தேவையற்ற கோப்புகளை நீக்கும் எந்த மென்பொருளையும் இயக்காதீர்கள், உங்கள் பயனர் கணக்கையும் அழிக்காதீர்கள். உங்கள் மூன்று நாள் உழைப்பு பெரும்பாலும் அதற்குள் பத்திரமாக இருக்கிறது.

காரணம் இதுதான். 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், நிர்வாகி அனுமதி கேட்டுப் பெறாமல் ஓடும் நிரல்கள் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. படிக்கவும் இயக்கவும் மட்டுமே முடியும். ஆனால் அதற்கு முந்தைய காலத்து நிரல்கள் தம் தரவைத் தம் கோப்புறையிலேயே எழுதிப் பழகியவை. அவை ஒரேயடியாக நின்றுபோகக் கூடாது என்பதற்காக, அப்படிப்பட்ட பழைய 32 பிட் நிரல் எழுத முயலும்போது விண்டோஸ் அதைத் தடுக்காமல், அந்தக் கோப்பின் நகல் ஒன்றைப் பயனரின் சொந்த இடத்தில் உண்டாக்கி, எழுத்தை அங்கே திருப்பிவிடுகிறது. அந்த இடத்தின் பெயர் வர்ச்சுவல்ஸ்டோர். நிரலுக்கு இது தெரியாது. தான் ப்ரோகிராம் ஃபைல்ஸில் எழுதியதாகவே அது நினைக்கும். ஒவ்வொரு பயனருக்கும் நகல் தனி என்பதால்தான் நீங்கள் பதிந்தது பொருளாளருக்குத் தெரியவில்லை. நீங்கள் அழித்தது ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருந்ததை மட்டுமே. உங்கள் நகல் அதனோடு சேர்ந்து அழியாது.

என் கடைக்கு இப்படி வந்தவர்களில் பலர் தரவு தொலைந்துவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் மறுபடி தட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

டி டிரைவில் இந்தத் திருப்பிவிடும் ஏற்பாடு இல்லை. அங்கே அனுமதி இல்லையென்றால் இல்லைதான்; நிரல் பிழை காட்டி மூடிக்கொள்ளும். அனுமதி ஏன் இல்லை என்பதை அறிய, கோப்புறையை வலச் சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸ், பிறகு செக்யூரிட்டி என்று போய், அங்கே யார் யார் பெயர் இருக்கிறது என்பதை எழுதுங்கள். அட்வான்ஸ்ட் என்பதை அழுத்தினால் மேலே ஓனர் என்று ஒரு வரி இருக்கும், அதையும் எழுதுங்கள்.

காப்பார் அன்பர் சொன்ன வழிகளில் நிரல் திறக்கும் என்பது உண்மையே. ஆனால் மண்டபத்துப் பிள்ளைகள் பயன்படுத்தும் கணினி என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். எவ்ரிஒன் என்பதற்கு முழு உரிமை கொடுத்தால் அந்தப் பிள்ளைகளின் கணக்கும் அதில் அடங்கும். அந்தக் கணக்கில் ஏதேனும் கெட்ட நிரல் நுழைந்தால், அது ஊர்க் குடும்பங்களின் பதிவையும் பூட்டிவிடலாம், அழித்துவிடலாம். எப்போதும் நிர்வாகியாக இயக்குவதென்றால், ரசீது பதியும் ஒவ்வொருவரும் கணினி முழுவதற்குமான சாவியைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கும். வேண்டியவர்களுக்கு, வேண்டிய கோப்புறையில் மட்டும், வேண்டிய அளவுக்கு உரிமை கொடுப்பதே இங்கே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகுதான் சற்று நிம்மதியாக மூச்சு விட்டேன். செக்யூரிட்டியில் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டுக்கும் முழு உரிமை இருக்கிறது. யூசர்ஸ் என்பதற்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் குறி இருக்கிறது. நான்காவதாகப் பெயரே இல்லாமல், கேள்விக்குறிப் படத்துடன் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கிறது. ஓனர் என்ற இடத்திலும் அதே எண்தான். இது ஏதேனும் வைரஸா?

மறுமொழி: ஈப்போவில் கணினி பழுதுபார்ப்பவர்

வைரஸ் இல்லை ஐயா. அது உங்கள் பழைய கணினியின் பயனர். விண்டோஸ் அனுமதிகளைப் பெயரால் எழுதி வைப்பதில்லை. அடையாள எண்ணால் எழுதி வைக்கிறது. அந்த எண் ஒவ்வொரு கணினிக்கும் வேறு என்பதால், புதிய கணினியில் நீங்கள் அதே பெயரில், அதே கடவுச்சொல்லுடன் கணக்குத் திறந்தாலும், விண்டோஸுக்கு நீங்கள் வேறு ஆள். பழைய எண்ணுக்கு உரியவர் இந்தக் கணினியில் இல்லாததால் பெயரைக் காட்ட முடியாமல் எண்ணையே காட்டுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், யூசர்ஸ் போன்ற குழுக்களின் எண்கள் மட்டும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. நிர்வாகியாக இயக்கியபோது நிரல் திறந்ததும், சாதாரணமாக இயக்கியபோது திறக்காததும் இதனால்தான்.

நிரலை எழுதிய பிள்ளையோ, பிறகு பார்த்துக்கொண்டவரோ, மற்றவர் கைபட்டுப் பதிவு கெடக்கூடாதென்று பழைய கணினியில் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் எழுதும் உரிமையை வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. நல்ல எண்ணத்தோடு போட்ட பூட்டு. சாவிதான் பழைய கணினியோடு நின்றுவிட்டது.

தரவுக் கோப்பு மட்டும் எழுதத்தக்கதாக இருந்தால் போதாது என்பதையும் கவனியுங்கள். உங்கள் நிரல் ஆக்சஸ் வகைத் தரவுக் கோப்பை, அதாவது எம்.டி.பி. என்று முடியும் கோப்பைத்தான் பயன்படுத்துகிறது என்று எண்ணுகிறேன். அது திறக்கப்படும்போதெல்லாம், யார் திறந்திருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ள, பக்கத்திலேயே எல்.டி.பி. என்று முடியும் ஒரு பூட்டுக் கோப்பு உண்டாகி, மூடும்போது நீங்கும். ஆகவே கோப்புறைக்குள் புதிதாக உண்டாக்கவும் நீக்கவும் உரிமை வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. டி டிரைவின் கோப்புறையை முதலில் ஒரு விரலியில் (பென் டிரைவில்) நகலெடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள். அடுத்து, உங்கள் கணக்கில் நுழைந்து, மறைந்த கோப்புறைகளைக் காட்டும்படி வைத்து, சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் கணக்கின் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்ற வரிசையில் உள்ளே போங்கள். அதற்குள் ப்ரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரும், அதற்குள் உங்கள் நிரலின் கோப்புறையும் இருக்கும். எம்.டி.பி. கோப்பின் தேதியைப் பாருங்கள். பொருளாளர் கணக்கிலும் இதே இடத்தைப் பாருங்கள். அவரும் அப்போது எதையேனும் பதிந்திருக்கலாம். கிடைத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்று எழுதிவிடாமல் தனித்தனிப் பெயரில் விரலியில் சேர்த்துவிடுங்கள்.

பிறகு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து சி டிரைவின் மேல்மட்டத்தில் ஒரு புதிய கோப்புறையை உண்டாக்கி, டி டிரைவில் இருப்பதை அதற்குள் நகலெடுங்கள். நகல் என்பது, தான் போய்ச் சேரும் கோப்புறையின் அனுமதிகளை ஏற்கும். ஒரே டிரைவுக்குள் இழுத்து நகர்த்தினால் பழைய அனுமதிகள் கூடவே வந்துவிடும். ஆகவே நகர்த்த வேண்டாம். புதிய கோப்புறையின் செக்யூரிட்டியில் அட்வான்ஸ்ட் போய், டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்பதை அழுத்தி, இருக்கும் அனுமதிகளை இந்தக் கோப்புறைக்கே உரியவையாக மாற்றிக்கொள்ளும் (கன்வர்ட்) தேர்வைக் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால், சி டிரைவிலிருந்து வழிவழியாக வரும் அனுமதியால் பிள்ளைகளின் கணக்கும் அங்கே எழுத முடியும். இப்போது அதெண்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் இரண்டையும் நீக்கிவிட்டு, ஆட் என்பதை அழுத்தி உங்கள் கணக்கையும் பொருளாளர் கணக்கையும் சேர்த்து, மாடிஃபை என்ற கட்டத்தில் குறியிடுங்கள். ஃபுல் கண்ட்ரோல் வேண்டாம். அனுமதிகளையே மாற்றவும் உரிமையாளராகவும் அது இடம் கொடுக்கும், ரசீது பதிய அது தேவையில்லை. சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டையும் தொடாதீர்கள்.

மறுமொழி: தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை பட்டாணி

ஐயா கூறியவற்றோடு இரண்டு சிறு குறிப்புகள். புதிய கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள். விஷுவல் பேசிக் 6 கோப்பின் பாதையை, எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடுக்கு முந்தைய குறிமுறையில்தான் திறக்கிறது; அந்த முறையில் விண்டோஸில் தமிழுக்கு இடமே கொடுக்கப்படவில்லை. எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறி, அனுமதி சரியாக இருந்தும் நிரல் திறக்காது. எங்கள் பள்ளி நூலக நிரலுக்கு "நூலகம்" என்று பெயர் வைத்துவிட்டு ஒரு வாரம் அனுமதிகளையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். தமிழுக்குக் குறைவு என்று எண்ண வேண்டாம். நிரல் பழையது, அவ்வளவுதான்.

மற்றொன்று, கோப்புறையை டாக்குமெண்ட்ஸுக்குள் வைக்க நினைத்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ் இயக்கத்தில் இருந்தால், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற இடங்களில் அறிமுகமில்லாத நிரல் எழுதுவதை, கோப்புறை அனுமதி இருந்தாலும், அது தடுக்கும்.

கேள்வி கேட்டவர்

ஐயாமார் அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு பூசை முடிந்த பின் பொருளாளரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தோம். என் கணக்கின் வர்ச்சுவல்ஸ்டோரில் கோப்பு இருந்தது. தேதியும் நான் கடைசியாகப் பதிந்த நாளின் தேதியே. பொருளாளர் கணக்கிலும் ஒன்று இருந்தது, ஆனால் அதில் புதிய பதிவு எதுவும் இல்லை. ஆகவே என் கோப்பையே மூலமாகக் கொண்டு புதிய கோப்புறையில் வைத்து, பொருளாளர் டி டிரைவில் பதிந்த இரண்டு ரசீதுகளைக் கார்பன் தாள் புத்தகத்தைப் பார்த்து அதில் சேர்த்துவிட்டோம். ரசீது எண்கள் இடைவெளி இல்லாமல் ஓடுகின்றன.

எங்கள் இருவர் கணக்கிலும் கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறது. ஒருவர் பதிந்தது மற்றவருக்குத் தெரிகிறது. பிள்ளைகளின் கணக்கில் அந்தக் கோப்புறையைச் சொடுக்கினால் அனுமதி இல்லை என்று வருகிறது. பெயரைத் தமிழில் வைக்கத்தான் இருந்தேன். ஆசிரியர் எழுதியதை முன்பே படித்ததால் தப்பித்தேன்.

டி டிரைவில் இருக்கும் பழைய கோப்புறையை யாரும் தவறிப்போய்த் திறந்து பதிந்துவிடாமலிருக்க, முகப்பில் இருந்த பழைய குறுக்குவழியை நீக்கிவிட்டேன். விரலி இப்போது கோயில் அலமாரியில், ரசீதுப் புத்தகங்களோடு இருக்கிறது.