மொறிஸ் மைனர் 1000: பெல் ஹவுசிங்கால ஒயில் ஒழுகுது, எஞ்சின் இறக்கத்தான் வேணுமோ?

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில நிக்கிறது 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின். அப்பாவின்ர கார். தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில ஓடினது, பேந்து கன வருசம் கொட்டிலுக்க கிடந்தது, இப்ப நான் திருத்தி ஓடுறன்.

எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில, பெல் ஹவுசிங்கின்ர அடியில ஸ்பிளிட் பின் தொங்குற ஓட்டை ஒண்டு இருக்கெல்லோ, அதால ஒயில் சொட்டுது. ராத்திரி விட்டால் விடிய நிலத்தில ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு வட்டம். பருத்தித்துறைக்குப் போய் வந்தால் டிப் ஸ்டிக்கில மட்டம் இறங்கினது நல்லாத் தெரியுது. கியர் பொக்ஸின்ர அடிப்பக்கம் முழுக்க ஒயிலும் புழுதியும் சேர்ந்து களி மாதிரி ஒட்டியிருக்கு.

கராஜில காட்டினன். குனிஞ்சு பார்த்திட்டு, "ரியர் ஒயில் சீல் போட்டுது, எஞ்சின் இறக்க வேணும், அதோட கிளச்சையும் மாத்துவம்" எண்டார். கிளச் இன்னும் வழுக்கேல்லை. கூலியைக் கேட்டு வாயடைச்சுப் போனன். ஆராவது இந்தக் காரில இந்த வேலை செய்திருந்தால் சொல்லுங்கோ. அந்தச் சீலைக் கொழும்பில பஞ்சிகாவத்தைப் பக்கம் எடுக்கலாமோ?

வன்னிப்பெடியன்:
அண்ணை, எஞ்சினில கை வைக்கிறதுக்கு முதல் ஒரு ஸ்டொப் லீக் போத்தல், ஒழுக்கை நிப்பாட்ட ஒயிலோட கலக்கிற மருந்து, வாங்கி ஊத்திப் பாருங்கோ. என்ர நிசான் சன்னி பி11 காருக்கு ஊத்தினனான். நிண்ட மாதிரித்தான் இருக்குது.

சுன்னாகம்_பழசு:
கோண்டாவில் தம்பி, பஞ்சிகாவத்தை முழுக்க அலைஞ்சாலும் அந்தச் சீல் கிடையாது. உம்மட எஞ்சினுக்கு ரியர் சீலே இல்லை.

உம்மடது அந்தக் காலத்து ஏ சீரிஸ் எஞ்சின். அதில கிராங்கின்ர, அதாவது பிஸ்டன் சுத்திற தண்டின்ர, பின் நுனியில ஒரு புரி வெட்டியிருக்கும். எஞ்சின் சுத்தேக்க அந்தப் புரி ஒயிலை உள்ளுக்குத் தள்ளி, சம்புக்கு, அடியில இருக்கிற ஒயில் தொட்டிக்கு, திருப்பி விடும். புரிக்கும் அதைச் சுத்தி இருக்கிற இரும்புக்கும் நடுவில மயிரிழை இடைவெளி. அவ்வளவுதான். ரப்பர் எண்டு ஒண்டும் அதில இல்லை. உம்மட கராஜ்காரர் எஞ்சினை இறக்கிப்போட்டு எதை மாத்தியிருப்பார் எண்டு எனக்கு விளங்கேல்லை.

இதால ரெண்டு விசயம். ஸ்டொப் லீக் ஊத்தாதையும். அது காய்ஞ்ச ரப்பரை ஊத வைக்கிற சாமான். இரும்பை ஊத வைக்க ஏலாது. மற்றது, அந்தப் புரி எஞ்சினுக்க அமுக்கம் இல்லாத மட்டும்தான் வேலை செய்யும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சக் காத்து எப்பவும் கீழ வரும். அது வெளியில போக வழி இல்லாட்டி ஒயிலையும் கூட்டிக்கொண்டு அந்த மயிரிழை இடைவெளியால வெளிக்கிடும். மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின் எண்டுறீர். முழுக்க எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோட கலந்து அதைத் தண்ணியாக்கி, ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். அப்ப ரிங்கால வாற காத்தும் கூட.

முதல் இவ்வளவுக்கும் மறுமொழி சொல்லும். ஓடேக்க ஒழுகுதோ, நிப்பாட்டின பிறகு ஒழுகுதோ? சொட்டிற ஒயில் கறுப்போ, பொன் நிறமோ? ரொக்கர் கவரில (எஞ்சினின்ர மேல் மூடி) இருந்து எயர் கிளீனருக்குப் போற றப்பர் குழாயும், டப்பட் கவர் (பிளொக்கின்ர பக்கத்து மூடி) ஒண்டில இருந்து கீழ நிலத்தைப் பார்த்து இறங்குற இரும்புக் குழாயும் திறந்திருக்கோ?

நிறத்தை ஏன் கேக்கிறன் எண்டால், மற்றக் காருகளில மணந்து பார்த்தே கியர் ஒயிலோ எஞ்சின் ஒயிலோ எண்டு சொல்லலாம். கியர் ஒயில் கந்தக மணம் அடிக்கும். மைனரின்ர கியர் பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான் ஊத்துறது. மணம் ஒண்டுதான். நிறம்தான் காட்டிக் குடுக்கும்.

கோண்டாவில்காரன்:
நன்றி ஐயா. சீல் இல்லை எண்டது எனக்குப் புதினம்.

வெள்ளைக் கடதாசி போட்டுப் பார்த்தன், கறுப்பு. கியர் பொக்ஸுக்குக் கிட்டடியில புது ஒயில் விட்டது, ஒயில் ஊத்திற மூடியைக் கழட்டிப் பார்த்தால் அது இப்பவும் பொன் நிறம்தான். அப்ப எஞ்சின் ஒயில் எண்டது நிச்சயம்.

நிப்பாட்டி வச்சு ஸ்டார்ட் பண்ணினால் சும்மா நிக்கேக்க பெரிசா ஒழுகேல்லை. ஆக்சிலேற்றரை அமத்திக் கொஞ்ச நேரம் பிடிச்சால் நூல் மாதிரி இறங்குது. நிப்பாட்டின பிறகும் சொட்டுது. குழாய் ரெண்டும் வெளியால பார்க்க நல்லாத்தான் இருக்கு.

சுன்னாகம்_பழசு:
வெளியால பார்த்தால் காணாது. ரப்பர் கையுறை ஒண்டு எடும், பார்மசியில விக்கிற மெல்லிசுதான். எஞ்சினைச் சூடாக்கி, ஒயில் ஊத்திற மூடியைக் கழட்டிப்போட்டு, அந்த வாயில கையுறையை மாட்டி ரப்பர் பாண்டால கட்டும். சும்மா ஓட விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா அமத்தும். காத்துப் போக வழி இருந்தால் கையுறை சோர்ந்துபோய் ஆடிக்கொண்டு நிக்கும். வழி இல்லாட்டி விறைச்சு நிமிரும். ஃபான் பெல்ட்டுக்குக் கிட்டக் கையையோ கையுறையையோ கொண்டு போகாதையும்.

லண்டன்_மைனர்:
ஐயா சொல்லுற எல்லாம் சரி. நான் இஞ்ச ஒரு மைனர் வச்சிருக்கிறன். இந்த எஞ்சினுக்குப் பிந்தி ஆக்கள் செய்து விக்கிற லிப் சீல் கிட் இருக்குது, புரிக்குப் பின்னால ரப்பர் சீல் ஒண்டு பூட்டுறது. ஆனால் அதுக்கு எஞ்சினை இறக்கத்தான் வேணும். ப்ரீதர், அதாவது ஐயா கேட்ட அந்தக் காத்துப் போற குழாயள், அடைச்சிருந்தால் அந்தச் சீலும் நிக்காது. எஞ்சின் எப்பவாவது வேற வேலைக்கு இறங்கினால் அப்ப யோசிக்கலாம்.

இன்னொண்டு. காரை எப்பிடி விடுறீங்கள்? மூக்கு மேலயா, கீழயா? மூக்கு மேல நிண்டால் சம்பில இருக்கிற ஒயில் பின்னுக்கு வரும். எஞ்சின் சுத்தாத நேரம் புரிக்கு வேலை இல்லை. ஒயில் மட்டமும் மேல் கோட்டைத் தாண்டி இருந்தால் கேக்கவே வேண்டாம்.

கோண்டாவில்காரன்:
போர்ட்டிக்கோ சாய்வுதான், மழைத் தண்ணி உள்ளுக்கு வராமலுக்கு எண்டு கட்டினது. மூக்கை மேல வச்சுத்தான் விடுறது. இனிப் பின்னுக்கு எடுத்து விடுறன்.

கையுறை கட்டின கதையைக் கேளுங்கோ. கொஞ்சம் அமத்த முதலே அஞ்சு விரலும் நல்லூர்த் திருவிழா பலூன் மாதிரி விறைச்சு எழும்பிச்சுது. பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ஓடி வந்திட்டினம்.

குழாயளைக் கழட்டினன். ரொக்கர் கவரில இருந்து வாற றப்பர் குழாய்க்குள்ள ஆரோ ஒரு போல்டைச் செருகி, மேல கிளிப் போட்டு இறுக்கி வச்சிருக்கினம். வெளியால பார்த்தால் ஒண்டும் தெரியாது. எயர் கிளீனருக்கு ஒயில் வருகுதெண்டு அடைச்சிருப்பினம் போல. கீழ இறங்குற இரும்புக் குழாய்க்குள்ள குளவிக் கூடு, மண் கல்லு மாதிரி இறுகியிருந்தது. கம்பியால குத்திக் குத்தித்தான் எடுத்தன்.

சுன்னாகம்_பழசு:
எனக்கு அந்தக் குழாயிலதான் சந்தேகம் இருந்தது. கொட்டிலுக்க கிடந்த காரெல்லாத்துக்கும் குளவி வரும். குழாயை மண்ணெண்ணெயில ஊறப் போட்டுக் கழுவி, வாய் வச்சு ஊதிப் பாரும், தங்குதடை இல்லாமல் போக வேணும். றப்பர் குழாயைப் புதுசாப் போடும். ஒயில் தாங்கிற குழாயாக் கேட்டு எடும். தண்ணிக் குழாய் போட்டால் உள்ளுக்க ஊதித் திருப்பியும் அடைக்கும்.

பேந்து எஞ்சினைக் கழுவும். டிஸ்ரிபியூட்டரையும் கார்புரேற்றரையும் பொலித்தீனால சுத்திக் கட்டிப்போட்டு, மண்ணெண்ணெயும் பிரசும். காய்ஞ்ச பிறகு பிளொக்கின்ர ரெண்டு பக்கமும், பின் தகட்டிலயும் பவுடர் தூவும். குழந்தைப்பிள்ளையளுக்குப் போடுற பவுடர் காணும். கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு வந்து டோர்ச் அடிச்சுப் பாரும். ஒயில் எங்க தொடங்குது எண்டு பவுடர் காட்டும். கீழ பார்க்காதையும். ஒயில் கீழயும் பின்னுக்கும்தான் ஓடும், மேலதான் தேட வேணும். பெல் ஹவுசிங் ஓட்டையால வாறதெல்லாம் கிராங்கால வாறதில்லை.

அந்த ஓட்டையை அடைக்கவும் சொல்லுவினம், அடைக்காதையும். உள்ளுக்க தேங்கிற ஒயில் கிளச் தட்டுக்குத்தான் போகும். ஸ்பிளிட் பின் தொங்க விட்டிருக்கிறதே, அது ஆடி ஆடி ஓட்டையைத் திறந்து வச்சிருக்கத்தான்.

கோண்டாவில்காரன்:
குழாய் ரெண்டும் சரி செய்த பிறகு கையுறை சோர்ந்துபோய்த்தான் நிக்குது. ஒழுக்கும் நல்லாக் குறைஞ்சிட்டுது. அமத்திப் பிடிச்சாலும் நூல் மாதிரி வாறது இல்லை. ஆனால் இன்னும் சொட்டு வருது.

பவுடர் போட்டு மானிப்பாய்ப் பக்கம் போய் வந்தன். வலப்பக்கம், ஒயில் ஃபில்ரர் பக்கம், சுத்தம். ஒயில் பிரஷர் சுவிட்சும் காய்ஞ்சு கிடக்குது. இடப்பக்கம் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்குப் பின்னால, பின் டப்பட் கவரின்ர கீழ் மூலையில இருந்து ஒரு கோடு பவுடரை நனைச்சுக்கொண்டு இறங்குது. அது பிளொக்கின்ர விளிம்பால பின்னுக்குப் போய், பின் தகட்டில ஏறி, பெல் ஹவுசிங் பொருத்துக்குள்ள போகுது. ரொக்கர் கவரின்ர பின் மூலையும் கொஞ்சம் ஈரம்.

சுன்னாகம்_பழசு:
அதுதான். எஞ்சின் இறக்காமல் செய்யிற வேலை.

மனிஃபோல்டைக் கழட்ட வேணும். நட் எல்லாத்துக்கும் முதல் நாளே ஊடுருவிற ஒயில் அடிச்சு விடும், ஸ்டட் முறிஞ்சால் வேற தலையிடி. மனிஃபோல்ட் கஸ்கட் புதுசு எடுத்து வையும். டப்பட் கவர் ஒவ்வொண்டுக்கும் நடுவில ஒரேயொரு போல்ட்தான். ஒழுகுதெண்டு கண்டதும் எல்லாரும் அதை இன்னும் இறுக்குவினம். இறுக்க இறுக்க நடு உள்ளுக்க போய், மூலையள் வெளியில வளையும். அதுதான் உம்மட மூலையால வருது.

கழட்டின கவரைக் கண்ணாடித் துண்டு ஒண்டில கவிழ்த்து வச்சுப் பாரும். விளிம்பு ஆடினால் மட்டமான இரும்பில வச்சு சின்னச் சுத்தியலால தட்டித் தட்டி நேராக்கும். பழைய கோர்க் கஸ்கட்டைச் சுரண்டேக்க துண்டுகள் உள்ளுக்க விழாமல் துணி வச்சு அடைச்சுக்கொள்ளும். புதுக் கோர்க்கைக் கவர்ப் பக்கம் மட்டும் பசையால ஒட்டி, ஒரு ராத்திரி பாரம் வச்சுக் காய விடும். பிளொக் பக்கம் கொஞ்சம் கிரீஸ் பூசினால் போதும், அடுத்த முறை கழட்டேக்க கிழியாது. போல்டுக்குக் கீழ இருக்கிற வாஷரையும் மாத்தும், அதாலயும் ஒழுகும். கையால இறுக்கி, பேந்து ஸ்பனரால கோர்க் ஒருக்கா அமுங்கிற அளவு. அங்கால போகாதையும். ரொக்கர் கவருக்கும் இதே கதைதான்.

லண்டன்_மைனர்:
கோர்க் கஸ்கட் அங்க எடுக்கக் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ. மார்கழியில ஊருக்கு வாறன், இஞ்ச மைனர் சாமான் எல்லாம் புதுசா எடுக்கலாம். என்ன ஒயில் ஊத்துறீங்கள்? 20டபிள்யூ-50 தானே? இப்பத்தைய காருகளுக்கு ஊத்திற மெல்லிய ஒயில் இந்த இடைவெளியளில நிக்காது.

கோண்டாவில்காரன்:
20டபிள்யூ-50 தான் அண்ணை. கோர்க் தாள் யாழ்ப்பாணம் டவுனில எடுத்து, பழசை வச்சுக் கீறி நானே வெட்டிட்டன். நல்ல செற்றாக் கொண்டு வந்தால் எடுத்து வைப்பன்.

வேலை முடிஞ்சுது. ஒரு ஸ்டட் வரமாட்டன் எண்டு அடம் பிடிச்சது, சூடு காட்டித்தான் எடுத்தது. கவரைக் கண்ணாடியில வச்சால் ஒரு மூலைக்கு அடியால ஐஞ்சு ரூபாய்க் குத்தி போகுது, அவ்வளவு வளைவு. தட்டி நேராக்கி, நீங்கள் சொன்ன மாதிரியே ஒட்டிப் பூட்டினன். காரையும் இப்ப மூக்குக் கீழ வர விடுறன். காருக்குக் கீழ போட்ட மட்டையில விடிய ரெண்டு மூண்டு சொட்டு. பருத்தித்துறைக்குப் போய் வந்தும் டிப் ஸ்டிக்கில மட்டம் அசையேல்லை.

அந்த ரெண்டு மூண்டு சொட்டைப் பற்றி யோசிக்க வேணுமோ ஐயா?

சுன்னாகம்_பழசு:
அது புரியால வாறது. புதுசா வந்த நாளிலயே சொட்டின எஞ்சின்தான், மட்டையை அப்பிடியே போட்டு வையும். மட்டத்தை ரெண்டு கோட்டுக்கும் நடுவில வச்சிரும். கிளச் எப்பவாவது வழுக்கினால் எஞ்சின் இறக்கும், அப்ப லண்டன் தம்பி சொன்ன லிப் சீல் கிட்டையும், கிளச்சின்ர கார்பன் பெயரிங்கையும் சேர்த்துப் பார்ப்பம். காசு மிச்சம் இருந்தால் ஒருக்கா கொம்பிரஷன், சிலிண்டருக்க வாற அமுக்கம், பார்ப்பியும். நாலு சிலிண்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வந்தால் ரிங்கில இப்ப கை வைக்கத் தேவையில்லை.

வன்னிப்பெடியன்:
ஐயா, அப்ப என்ர சன்னி? ஸ்டொப் லீக் ஊத்தினது திருப்பியும் ஒழுகத் தொடங்கிட்டுது.

சுன்னாகம்_பழசு:
உம்மடதுக்குப் பின்னால உண்மையிலயே ரப்பர் சீல் இருக்கு. அதுக்காக உடன கியர் பொக்ஸைக் கழட்டாதையும். பி.சி.வி. வால்வை, எஞ்சினுக்க இருக்கிற காத்தை வெளியில விடுற வால்வை, கழட்டிக் காதுக்குக் கிட்ட ஆட்டிப் பாரும். கிலுகிலு எண்டு சத்தம் வர வேணும். வராட்டி புதுசு ஒண்டு போட்டு, கையுறையைக் கட்டிப்போட்டு வந்து சொல்லும்.