பொருள்: மறு: 'சிண்டிகேஷன்' – இதில் 'கூட்டு' எங்கே இருக்கிறது?

குழுமத்தாருக்கு வணக்கம். ஒரு நிகழ்ச்சியைத் தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்பதை ஆங்கிலத்தில் 'சிண்டிகேஷன்' (syndication) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன், வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'கூட்டு ஒளிபரப்பு' அல்லது 'மறு ஒளிபரப்பு' என்று வைத்துவிட்டால் என்ன?

இரண்டுமே பொருந்தவில்லை, ஐயா. கொலம்பியா பிக்சர்ஸின் தொலைக்காட்சிப் பிரிவான ஸ்கிரீன் ஜெம்ஸ் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல்லில் முட்டிக்கொண்டேன். 'சிண்டிகேட்' என்று ஒலிபெயர்த்தால் நம்மவர்களுக்குக் காமராஜர் காலத்துக் காங்கிரஸ் தலைவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பல்கலைக்கழகக்காரர்களோ ஆட்சிக்குழு என்று நினைப்பார்கள்.

ஸ்கிரீன் ஜெம்ஸ் முதலில் கொலம்பியாவின் கார்ட்டூன் பிரிவு. 1946இல் அதை மூடினார்கள். 1948இல், நிறுவனத் தலைவர் ஹாரி கோனின் அண்ணன் மகன் ரால்ஃப் கோன் பொறுப்பில், அதே பெயர் தொலைக்காட்சிக்கு மாறியது. விளம்பரப் படங்களில் தொடங்கித் தொடர்களுக்கு வந்தார்கள். 1974இல் பெயர் கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் ஆனது. நமக்கு வேண்டியது இடைப்பட்ட 1957.

அந்த ஆண்டு யுனிவர்சலின் பழைய படங்களில் 52ஐ 'ஷாக்!' என்று ஒரே கட்டாகக் கட்டி, அமெரிக்க உள்ளூர் நிலையங்களுக்கு விற்றது ஸ்கிரீன் ஜெம்ஸ். சரக்கு போட்டி ஸ்டுடியோவினுடையது, விற்றது கொலம்பியாவின் பிரிவு! டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் அப்படித்தான் வரவேற்பறைக்குள் நுழைந்தார்கள். தொலைக்காட்சிக்கு அவை புதியவை. ஆகவே 'மறு' அடிபடுகிறது. ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாக வாங்கித் தனக்கு வசதியான இரவில் போட்டது. ஆகவே 'கூட்டு'ம் அடிபடுகிறது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பும் வலையமைப்புக்கு இது நேர் எதிர்.

நம் சினிமாக்காரர்களுக்கு இந்த வியாபாரம் கைவந்தது. கோவை ஒருவருக்கு, சேலம் ஒருவருக்கு, திருச்சி–தஞ்சை ஒருவருக்கு என்று ஏரியா பிரித்து விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். ஏரியாவின் இடத்தில் நிலையத்தை வையுங்கள். என் பரிந்துரை: நிலையவாரி விற்பனை. செய்தித்தாள்களுக்குச் சித்திரக்கதை விற்பதும் சிண்டிகேஷன்தான், அதை 'இதழ்வாரி விற்பனை' எனலாம். ஒரே அச்சில் இரண்டு சொற்கள்.

> 'வாரி' தமிழன்று. ரயத்துவாரியில் இருக்கும் அதே ஒட்டுத்தான். 'நிலையந்தோறும்' என்று வைக்கலாமே?

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. ஆனால் 'மாவட்டவாரியாக' என்று நீங்களும் நானும் நாள்தோறும் எழுதுகிறோம். குடியேறி நெடுநாளாகிவிட்ட சொல்லை இனி எங்கே அனுப்புவது? 'நிலையந்தோறும் விற்பனை' என்றால் நிலைய வாசலில் கடை போட்டதுபோல் இருக்கிறது.

> 'விற்பனை' எதற்கு? 'உரிமம்' போதாதா?

உரிமம் என்றால் ஓட்டுநர் உரிமம், கடை உரிமம், அரசு தருவது. படத்துக்கு 'உரிமை' என்றுதான் திரைத்துறையே சொல்கிறது.

ஆனாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1958இல் காலை உணவுத் தயாரிப்பாளரான கெல்லாக்ஸின் விளம்பர ஆதரவில், வலையமைப்புப் பக்கமே போகாமல் நேராக உள்ளூர் நிலையங்களுக்கு வந்த, ஒரு நாயை நாயகனாகக் கொண்ட கார்ட்டூன் தொடர் 'ஹக்கிள்பெரி ஹவுண்ட்'. அதை விநியோகித்ததும் இந்தப் பிரிவுதான். "அந்த நாய் நிலையவாரி விற்பனையில் வந்தது" என்று கட்டுரையில் எழுதினேன். படித்துப் பார்த்த என் மனைவி, "நாயையா விற்றார்கள்?" என்று கேட்டார். 'நிலையவாரி உரிமை விற்பனை' என்றால் குழப்பம் தீரும், நீளம்தான் உறுத்துகிறது. குறுக்க யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.