நெடுந்தீவு: தொட்டியடியில் ஒரு மத்தியானம்

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போய் வந்த கதையை இங்கே ஆளுக்கொன்றாகச் சொல்கிறீர்கள். என் பங்குக்கும் ஒன்று.

போன ஆவணியில் யாழ்ப்பாணத்தில் காலை பஸ் ஏறி, வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் படகுத்துறையில் இறங்கினேன். பஸ்ஸில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு படகில் நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள். எங்கள் நெடுந்தீவுப் படகில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு மோட்டார் சைக்கிள், அப்புறம் நாங்கள். இருக்கை படகின் வயிற்றுக்குள். டீசல் வாடையோடு ஒரு மணி நேரம். கடலில் குமட்டும் என்றால் காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். நான் இடியப்பத்தை ஒரு பிடி பிடித்திருந்தேன். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கரையேறினால் எங்கு பார்த்தாலும் கல்வேலி. தீவின் பவளக் கல்லையே சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் வெளிச்சம் தெரிகிறது, வேலி அசைவதில்லை. கோட்டையும் அதே கல்தான். போர்த்துக்கேயர் கட்டியது என்கிறார்கள், பிறகு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்குப் போனது. கூரை இல்லை, ஆனால் சுவரைத் தடவினால் பவளத்தின் வரிகள் விரலில் தட்டுப்படும். பெருக்குமரம் என்கிற பருத்த பாவோபாப் மரத்தின் பொந்துக்குள் நின்று எல்லோரையும் போல நானும் படம் எடுத்தேன், அவ்வளவுதான்.

பழைய குதிரை லாயத்தில் தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்து, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பெருக்கிய குதிரைகளின் வழி வந்தவை இப்போது வெட்டவெளியில் திரிகின்றன. அவற்றைத் தேடிப் போகலாம் என்றேன். ஆட்டோக்கார அண்ணர் கேட்கவில்லை.

"இந்த வெயிலுக்கை எங்கை எண்டு தேடுறது, தங்கச்சி? தண்ணித் தொட்டியடியில நிப்பம். அதுகளே வரும்."

அரை மணி நேரத்தில் வந்தன. ஏழு. சினிமாவில் பார்க்கிற குதிரை இல்லை, கட்டையான மட்டக்குதிரைகள். புல் கருகிய காலம், விலா எலும்பை எண்ணலாம். முன்னால் வந்த பெட்டை மற்றவற்றை நெருங்கவே விடவில்லை. அது குடித்து விலகியதும் அடுத்தது. குட்டியின் முறை வந்தபோது தொட்டியில் அடிமண்தான் மிச்சம். குட்டி அதையே நக்கியது.

அண்ணர் ஆட்டோவின் பின்னாலிருந்து தண்ணீர்க் கானை எடுத்துவந்து ஊற்றினார். வீட்டுக்குக் கொண்டுபோக நிரப்பிய நல்ல தண்ணீர். வீட்டில் அவர் மனைவி திட்டுவாரோ என்று, "அக்கா பேசுவாவே?" என்று கேட்டேன்.

"பேசுவா. திரும்பப் போய் அள்ளலாம்."

அள்ளப் போன இடத்தில் வரிசை. பின்னேரப் படகில் கடைசியாக ஏறியது நான்தான்.