ஒமகாசே: தமிழில் என்ன வைக்கலாம்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

டோக்கியோ உணவகங்களுக்கான பயணக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொற்பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். மற்றவை ஓரளவு முடிந்தன. 'ஒமகாசே'யில் முட்டி நிற்கிறேன்.

சுசிக் கடைகளில் மூன்று வழிகளில் சாப்பிடலாம். வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது ஒகொனோமி. என்னென்ன, என்ன விலை என்று முன்பே முடிவான தட்டு ஒகிமாரி. 'நீங்களே பார்த்துக் கொடுங்கள்' என்று சமையற்காரரிடம் விட்டுவிடுவது ஒமகாசே. 'மகசேரு' என்றால் ஒருவரை நம்பிப் பொறுப்பை விடுதல். முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதைக்கு. கின்சா பக்கத்துப் பெயர்பெற்ற கடைகளில் எட்டுப் பத்துப் பேருக்குத்தான் இடம். நீளமான மரப்பலகைக்கு அந்தப் பக்கம் சமையற்காரர் நிற்பார், இந்தப் பக்கம் நாம். தொயோசு சந்தையில் அன்றைக்கு எந்த மீன் நன்றாக இருந்ததோ, அதை வைத்துத்தான் விருந்து.

கையேட்டில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சின்னப் பெட்டி. பத்து எழுத்துக்குமேல் கொள்ளாது. 'சமையற்காரர் விருப்ப விருந்து' என்று போட்டால் பாதி வெளியே நிற்கிறது. உதவுங்கள்.

* * *

வணக்கம். 'நம்பியுண்டி' என்று வைக்கலாமே? நம்பி உண்பது. ஆறே எழுத்து.
— கோவையிலிருந்து

* * *

கோவைத் தம்பிக்கு: 'நம்பி' இங்கே வினையெச்சம். அது வினையைக் கொண்டு முடிய வேண்டும், உண்டி பெயர். 'நம்பியுண்ணல்' என்றால் இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் நம்பி என்ற ஒருவர் சாப்பிட்டதாகவும் படிக்கலாம்.

சொல் நம்மிடமே இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் விருந்திடும் இடத்தைப் பாருங்கள். நூல்வழி பிழையாமல் சமைத்த பல்வேறு அடிசிலைப் பொற்கலத்தில் இட்டு, 'விரும்புவன பேணி, ஆனா விருப்பின் தான்நின்று ஊட்டி' என்கிறார் நத்தத்தனார். ஆள் வைத்துப் பரிமாறவில்லை, அரசனே நிற்கிறான். பலகைக்கு அப்பால் நிற்கிறவர் செய்வதும் அதுதானே? 'நின்றூட்டு' என்று வையுங்கள். ஊட்டு முதனிலைத் தொழிற்பெயர். எச்சத்துக்கும் இடைஞ்சல் இல்லை. நின்றூட்டகம், நின்றூட்டுநர் என்று மேலும் சொற்கள் கிளைக்கும்.
— மதுரையிலிருந்து

* * *

மதுரை ஐயாவுக்கு வணக்கம். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் 'ஊட்டு' என்றதும் இன்றைக்குக் குழந்தைதான் நினைவுக்கு வரும். அப்புறம், நீங்கள் காட்டிய அடியிலேயே 'விரும்புவன' இருக்கிறது. விரும்பியதைக் கொடுப்பது ஒகொனோமி ஆகிவிடாதா?

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். உடம்புச் சூட்டளவில் இருக்கும் காடி கலந்த சோற்றைக் கொஞ்சம் எடுத்து, மீன் துண்டோடு சேர்த்துச் சில அழுத்தில் வடிவமாக்கி, காய்ச்சிய சோயா சாஸைத் தூரிகையால் ஒரு பூச்சுப் பூசி, நம் முன்னால் வைப்பார். தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். வைத்தவுடன் எடுத்துச் சாப்பிட வேண்டும். பேசிக்கொண்டே ஆறவிடுவது மரியாதை இல்லை. பெரும்பாலும் வெள்ளைச் சதை மீனில் தொடங்கி, சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதிக்குப் போய், கடல் விலாங்கு, முட்டை அடை என்று முடியும். கை வேலை செய்தாலும் கண் நம்மேல்தான். இடக்கைக்காரர் என்று கண்டால் அடுத்ததை அந்தக் கைக்கு வாகாகத் திருப்பி வைப்பார். சோறு அதிகமாகப்படுகிறது என்று தோன்றினால் அடுத்ததில் குறைப்பார். நாம் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டோம்.

இன்னொன்று முக்கியம். ஒமகாசே சாப்பிட வந்தவர் சொல்லும் வார்த்தை. நின்றூட்டு என்பது சமைப்பவர் செய்யும் வேலை. பலகையின் எந்தப் பக்கத்திலிருந்து பெயர் வைக்கிறோம் என்று முதலில் முடிவு செய்வோம்.
— யோகோஹாமாவிலிருந்து

* * *

அம்மா, பாட்டில் 'விரும்புவன' இருக்கிறது. விருந்துண்ட பாணர் கேட்டார் என்று இல்லை. 'பேணி' என்பதைப் பாருங்கள். கேளாமலே அறிந்து செய்வதுதான் பேணுதல். நீங்கள் சொன்ன இடக்கைச் செய்தியே எனக்குச் சான்று.
— மதுரையிலிருந்து

* * *

நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். 'நின்றூட்டு' என்று கரும்பலகையில் எழுதினால், நின்றுகொண்டே சாப்பிடும் கடை என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். டோக்கியோவில் நின்று சாப்பிடும் சுசிக் கடைகள் வேறே இருக்கின்றன. கையேட்டை நம்பிப் போகிறவர் எந்தக் கடைக்குப் போவார்? சுசியைச் சுசி என்றே எழுதுகிறோம், வானம் இடிந்துவிடவில்லை. ஒமகாசே என்றே விடுங்கள்.
— சேலத்திலிருந்து

* * *

விடுவதானால் எழுத்தையாவது சரியாக வையுங்கள். ஜப்பானிய மொழியில் நான்கும் குறில்: ஒ-ம-க-செ. ஆனால் எகரம் மெய்யோடு சேர்ந்து சொல்லின் ஈற்றில் வராது என்கிறது தொல்காப்பியம். எனவே 'சே'. உயிருக்கு இடையில் வரும் ககரம் மெலிந்து ஒலிக்கும். வல்லோசை வேண்டுமென்றால் 'ஒமக்கசே'. 'கா' என்று நீட்ட எந்த நியாயமும் இல்லை.
— சென்னையிலிருந்து

* * *

ஒமக்கசே! பேச்சுவழக்கில் 'ஒமக்கு' என்கிறோமே, அந்த உமக்கு! 'உமக்கே விட்டேன்' என்பதுதான் இது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ சும்மாவா அத்தனை ஆண்டு எழுதினார்?
— கோவையிலிருந்து

* * *

தம்பி, ஓனோவின் உழைப்பை மதிக்கிறேன். பெரும்பாலான மொழியியலாளர்கள் அவர் முடிவை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது கிடக்கட்டும். இழையின் முதல் மடலிலேயே விடை இருக்கிறது: 'ஒ' தனி, 'மகசே' தனி. 'ஒமக்' என்று வெட்டவே முடியாது. ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது.
— சென்னையிலிருந்து

* * *

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அனுப்ப வேண்டும். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒலிபெயர்ப்பின் பக்கம் இருப்பதால் பெட்டியில் 'ஒமகாசே'. நெடில் தவறு என்று தெரியும். ஆனால் 'ஒமக்கசே' வாசகர் கண்ணுக்குப் புதிது. முதல் முறை வரும் இடத்தில் 'சமையலரிடமே விட்டுவிடும் விருந்து' என்று விளக்கம் தருகிறேன். யோகோஹாமா அக்கா கேட்ட கேள்விக்கு அதில் விடை இருக்கிறது: சொல்வது சாப்பிடுகிறவர்.

* * *

கையேட்டுக்கு அது போதும், அகராதிக்குப் போதாது. நின்றூட்டை நான் கைவிடவில்லை. சுசி சமைப்பவரை 'இதாமாயே' என்கிறார்கள். பலகையின் முன்னிருப்பவர் என்று பொருளாம். அதற்கு என்ன வைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. 'பலகையர்' என்று தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.
— மதுரையிலிருந்து