யப்பானில் மாரடைப்பு ஏன் குறைவு?

கேள்வி (களுவாஞ்சிகுடி):
யப்பானியரும் எங்களைப் போலச் சோறும் மீனும் உண்பவர்களே. அப்படியிருக்க, இதய நோயால் இறப்போர் வீதம் அங்கே மிகக் குறைவாகவும், உக்ரைன், பெலாரஸ் போன்ற நாடுகளில் மிக அதிகமாகவும் இருப்பது ஏன்?

பதில் (கல்முனை):
பரம்பரை மட்டும் காரணமன்று. ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய யப்பானியரிடம் இந்நோய் தாயகத்தாரைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. பின்லாந்தின் வட கரேலியாவில் 1972இல் தொடங்கிய இதய நோய்த் தடுப்புத் திட்டத்தின் பின்னர், வெண்ணெய், உப்பு, புகைத்தல் ஆகியவை குறைய, உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் இறப்பு சில தசாப்தங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் வீழ்ந்தது.

பதில் (அக்கரைப்பற்று):
வயதமைப்பைச் சீர்செய்த வீதங்களையே ஒப்பிடுங்கள். இல்லாவிடில் முதியோர் மிகுந்த யப்பானுக்கு அது அநியாயமாகும். சோறும் மீனும் ஒன்றென்றாலும், எங்கள் ஆணத்தில் (குழம்பில்) தேங்காய்ப்பாலின் நிறைவுற்ற கொழுப்பு உண்டே!

பதில் (களுவாஞ்சிகுடி):
சீனி போட்ட தேநீரை மறந்துவிட்டீர்கள்.